ஏரியும் இலையும் துணிப்பையும்

நம் சங்கத்தின் ஆண்டு விழா மலருக்குத் தொம்மலூரின் வரலாறு குறித்து ஒரு கட்டுரை தருமாறு செயற்குழு அன்பர்கள் நம்மைப் பணித்தனர். வரலாறு என்றதும் மன்னர்களும் போர்களும் நினைவுக்கு வருதல் இயல்பு. நாமோ ரயில்வே அலுவலகத்தில் பேரேடு எழுதும் குமாஸ்தா. படிப்பும் மெட்ரிகுலேஷனோடு நின்றது. ஆதலின் அரசர் வரலாற்றை அறிஞர் பெருமக்களுக்கு விட்டுவிட்டு, நமக்குத் தெரிந்த வரவு செலவு வழியிலேயே இவ்வூரின் கதையைச் சொல்லத் துணிந்தோம். இங்கு வாழ்ந்தோர் எப்பண்டத்தை எங்கிருந்து பெற்றனர், எதில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுவந்தனர், உண்டது போக எஞ்சியதை எங்கே இட்டனர் என்பதே நம் கேள்வி. விழாவன்று நண்பகல் விருந்து முடிந்ததும் பந்தலின் பின்புறம் சென்று பார்ப்பவர்க்கு, இக்கேள்வி எங்கிருந்து பிறந்தது என்பது சொல்லாமலே விளங்கும்.

தொம்மலூரின் பழமைக்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. சொக்கநாத சுவாமி கோயிலின் கற்களே போதும். சொக்கநாதர் என்றதும் மதுரைப் பெருமானை எண்ணி, இங்கே திருநீறு கிடைக்கும் என்று கை நீட்டும் புதியவர் உளர். இங்கு எழுந்தருளியிருப்பவர் திருமால். கல்வெட்டுகள் அவரைச் சொக்கப்பெருமாள் என்றே குறிக்கின்றன. சோழர் காலத்தது எனக் கருதப்படும் இக்கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் பல உண்டு. மைசூர் அரசின் தொல்லியல் ஆய்வுக்குத் தலைமை தாங்கிய பி. எல். ரைஸ் என்னும் ஆங்கிலேயர், பெங்களூர் மாவட்டத்துக் கல்வெட்டுகளைத் திரட்டி 1905ஆம் ஆண்டில் ‘எபிகிராபியா கர்னாடிகா’வின் 9ஆம் தொகுதியாக வெளியிட்டார். கோயிற் கல்வெட்டுகளில் நம் ஊருக்குத் தொம்பலூர் என்றும் தேசிமாணிக்கப் பட்டணம் என்றும் பெயர் வழங்குகிறது. தேசி என்பது நாடு நாடாகச் சென்று வாணிகம் செய்தோரைக் குறித்த சொல். பட்டணம் என்பது வணிகர் வாழும் ஊர். ஆகவே வெளியூரிலிருந்து பிழைப்புக்கு வந்தவர்கள் இவ்வூரில் நாம் முதல்வர் அல்லோம்.

13ஆம் நூற்றாண்டில் போசள மன்னன் வீர ராமநாதன் ஆட்சியில் இக்கோயிலுக்குப் பல கொடைகள் வந்தன. ஒருவர் இரண்டு நிலைக்கால்களைச் செய்தளித்தார். வேறொருவர் தம் மனைவியோடு சேர்ந்து, ஜலப்பள்ளி என்னும் ஊரிலும் விண்ணமங்கலம் ஏரியிலும் உள்ள நிலத்தைக் கொடுத்தார். பின்னர் 15ஆம் நூற்றாண்டில், விஜயநகரத்து இரண்டாம் தேவராயர் காலத்தில், தொம்பலூரைச் சுற்றியுள்ள நிலமும் கிணறும் வீடும் வரிகளும் பெருமாளுக்கு உரியவை ஆயின. கல்வெட்டின் நடை பெரும்பாலும் பத்திரப் பதிவு ஆபீஸ் நடைதான். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கொடுக்கத் தக்க செல்வம் எனக் கருதப்பட்டவை பொன்னும் மணியும் மட்டும் அல்ல. ஏரியும் கிணறுமே செல்வத்தின் அடியாக எண்ணப்பட்டன. ஏரி இன்றேல் நிலத்துக்கு மதிப்பில்லை.

பெங்களூர் ஆற்றங்கரையில் எழுந்த நகரம் அன்று. மேட்டு நிலத்தில் பெய்யும் மழையை ஏரி ஏரியாகத் தேக்கி வாழ்ந்த ஊர்களின் தொகுதி அது. மேல் ஏரி நிரம்பினால் கலிங்கு வழியே கீழ் ஏரிக்கு நீர் போகும். மதகு திறந்தால் வயலுக்குப் பாயும். கோடையில் நீர் வற்றியபின் குடியானவர் வண்டி கட்டி வந்து வண்டலை வாரித் தம் நிலத்துக்கு உரமாக இடுவர். குயவர் களிமண் எடுப்பர். மாடுகள் கரைப்புல்லை மேயும். தூர் வாரும் வேலையும் நடந்தது, நிலமும் வளம் பெற்றது. இதில் குப்பை என்று ஒன்று இருந்ததா எனக் கேட்டால், ஒருவர் கழித்தது மற்றொருவர்க்குப் பயன்பட்டது என்பதே விடை.

இஃது எவரும் கேளாமலே தானாக நடந்துவிடவில்லை. உத்தரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டிய கல்வெட்டுகள் ஏரி வாரியம் என ஒரு குழுவைக் கூறுகின்றன. குடவோலை முறையில் அதற்கு ஆளைத் தேர்ந்தெடுத்தனர். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும், மீண்டும் பெயர் எழுதப்படத் தகுதியற்றவர் ஆவர். பேரேடு எழுதும் நமக்கு இவ்விதி மிகவும் பிடித்தமானது. (நம் சங்கத்து விதிகளிலும் இதைச் சேர்க்கலாம் என்று நாம் கூறியபோது, பொருளாளர் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றிவிட்டார்.) நீர் பொதுவாக இருந்ததனால் அதைக் காக்கும் பொறுப்பும் பெயர் குறித்துப் பொதுவில் ஒப்படைக்கப்பட்டது என்பதே இங்கு நமக்கு வேண்டுவது.

தொம்மலூர் ஏரி இன்று இல்லை. அது நிரவப்பட்டு வீட்டுமனைகள் ஆயிற்று. நமக்கு அருகிலுள்ள சல்லகட்டா ஏரியின் இடத்தில் கோல்ப் மைதானம் இருக்கிறது; நகரின் நடுவில் சம்பங்கி ஏரி கண்டீரவா விளையாட்டரங்கம் ஆனது; தர்மாம்புதி ஏரியில் பஸ்கள் நிற்கின்றன. இதற்கு எவரேனும் ஒருவரைப் பழிப்பதில் பயனில்லை. 1896ஆம் ஆண்டில் ஹெசரகட்டாவிலிருந்து குழாய் வழியே நீர் வரத் தொடங்கியது. 1933இல் திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கம் வந்தது. 1974இல் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து காவிரியே மேடேறி வந்தாள். வீட்டுக்குள் குழாய் வந்தபின் ஊருக்கு வெளியே ஏரி எதற்கு என்ற எண்ணம் தோன்றியது. தோன்றியதும் வண்டலை அள்ள எவரும் வரவில்லை. குப்பை கொட்டத்தான் வந்தனர்.

நிற்க. நம்மவர் இங்கு வந்த கதையைச் சிறிது கூறவேண்டும். 1809இல் ஆங்கிலேயர் பெங்களூரில் தண்டு அமைத்தபோது சென்னைப் படையோடு தமிழர் பெருந்திரளாக வந்தனர். 1864ஆம் ஆண்டில் ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் கண்டோன்மெண்டுக்கு ரயில் வந்தது. அதன்பின் வருவோர்க்குக் குறைவில்லை. 1940இல் விமானத் தொழிற்சாலை தொடங்கியபோது தொம்மலூர்ப் பக்கம் வேலை தேடி வந்தவர்களும் பலர். இவர்கள் பெரும்பாலும் தகரப் பெட்டி ஒன்று, படுக்கைச் சுருள் ஒன்று, துணிப்பை ஒன்று என்ற கணக்கில் வந்து இறங்கியவர்கள். ஆகையால் இவர்கள் காலனி வாழ்க்கையில் எதையும் வீணாக்கும் வசதியே இருந்ததில்லை.

அக்கால மளிகைக் கடையை நம் மூத்தோர் கூறக் கேட்டிருக்கிறோம். அதன் கடைசிப் பகுதியைச் சிறுவயதில் நாமும் கண்டோம். எண்ணெய்க்குத் தூக்கு கொண்டு போகவேண்டும். மண்ணெண்ணெய்க்குத் தகர டின். பருப்பும் மிளகாயும் பழைய செய்தித்தாள் பொட்டலத்தில் வரும். அதைக் கட்டிய சணல் நூலை அவிழ்த்துச் சுருட்டி ஒரு டப்பாவில் சேர்த்து வைப்பர். பூவுக்கு வாழையிலை அல்லது மந்தாரை இலை. கோயில் சுண்டலுக்குத் தொன்னை. விருந்துக்கு வாழையிலை கிடைக்காவிடில் தையல் இலை. பாத்திரம் தேய்ந்தால் ஈயம் பூசுபவர் தெருவுக்கே வருவார்; பழைய புடவை நான்கு சேர்ந்தால் பாத்திரக்காரி வந்து ஒரு கிண்ணம் தருவாள், அதற்குள் அரை மணி நேரம் பேரம் நடக்கும். எஞ்சியது எல்லாம் காயலான் கடைக்கு. இதையே இவ்வூர்க் கன்னடியர் குஜரி அங்காடி என்பர். அப்பா சட்டை தம்பி சட்டையாகி, பின் கரித்துணியாகி, இறுதியில் மிதியடியாகும். சட்டையின் பொத்தான் மட்டும் மீண்டும் ஊசி டப்பாவுக்குத் திரும்பும்.

இதை நாம் பொற்காலம் எனப் போற்றவில்லை. இல்லாமையே இச்சிக்கனத்துக்கு ஆசான். விருந்து முடிந்தபின் எச்சில் இலையை எடுத்துப் போடும் வேலை எக்குடியினர் தலையில் விழுந்தது என்பதையும், அவர்களைப் பந்தியில் உட்கார வைத்தோமா என்பதையும் நினைத்துப் பார்த்தால், பழமையை முழுமையாகப் புகழ நா எழாது. ஆயினும் அவ்வேற்பாட்டில் அறிவு ஒன்று இருந்தது. அதை இல்லாமையோடு சேர்த்துக் கழித்துவிட்டோம் என்பதே நம் கருத்து.

அவ்வறிவுக்குச் சிறந்த சான்று பொதுப் பாத்திரங்கள். தண்டுப் பக்கத்துக் காலனிகளிலும் சரி, நம் காலனியிலும் சரி, சங்கத்துக்கோ பஜனை மடத்துக்கோ சொந்தமாக அண்டா, குண்டா, ஜாரிணி, பந்திப்பாய், தட்டு, டம்ளர் ஆகியவை இருக்கும். சந்தா திரட்டி வாங்கியவை. ஒவ்வொன்றிலும் பெயர் வெட்டியிருக்கும். கல்யாணமோ காதுகுத்தோ நடத்துபவர் பதிவேட்டில் கையெழுத்திட்டு எடுத்துச் செல்வார். துலக்கித் திருப்பித் தருவார். ஒரு டம்ளர் குறைந்தாலும் அடுத்த கூட்டத்தில் பேச்சு எழும். ஒரு குடும்பம் தனியே 200 டம்ளர் வாங்க இயலாது. வாங்கினாலும் அவை ஆண்டுக்கு ஒருநாள் தவிரப் பரண்மேல் உறங்கும். பலர் சேர்ந்து ஒருமுறை வாங்கியதால் அவை ஒவ்வொரு மாதமும் உழைத்தன. காண்ட்ராக்ட் சமையற்காரர் வந்தபின், எல்லாம் அவரே கொண்டுவருகிறார் என்று இப்பொதுப் பாத்திரங்கள் பல இடங்களில் விலைபோயின. அவர் கொண்டுவந்தது ஒருமுறை உண்டு எறியும் தட்டு.

நாம் கடையில் பண்டம் வாங்குவதைத் தர்மக் கணக்கோடு சேர்த்துப் பார்த்த தமிழர் ஒருவரை இங்கே நினைவுகூர்தல் தகும். ஜே. சி. குமரப்பா 1892ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள் தஞ்சாவூரில் பிறந்தவர். லண்டனில் கணக்குத் தணிக்கை பயின்று, அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் கற்றார். 1929இல் காந்தியடிகளைச் சந்தித்தபின் மேல்நாட்டு உடையை விட்டுக் கதர் பூண்டார். 1934இன் இறுதியில் தொடங்கிய அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தை வார்தாவில் இருந்து நடத்தினார். அதே ஆண்டு பீகாரில் நிலநடுக்கம் நேர்ந்தபோது நிவாரண நிதியின் கணக்கு இவர் கையில் இருந்தது. தொண்டர் ஒருவர்க்கு நாளொன்றுக்கு 3 அணாவே படி என இவர் விதித்தார். காந்தியடிகள் தம் பரிவாரத்தோடு வந்தபோது, அவர்கள் செலவை நிவாரண நிதியிலிருந்து தர இயலாது என்று மகாதேவ தேசாயிடம் கூறிவிட்டார். அடிகளும் அதை ஏற்றார். கணக்கர் குலத்துக்கு இதைவிடப் பெருமை வேறில்லை.

குமரப்பா கூறியது இது: ஒரு பண்டத்தை விலை கொடுத்து வாங்கியதும் நம் கடமை தீர்ந்துவிடுவதில்லை. அப்பண்டத்தை ஆக்கியவர் எந்நிலையில் உழைத்தார் என்பதும் அப்பண்டத்தோடு ஒட்டிக்கொண்டே நம் வீட்டுக்குள் வருகிறது. மேற்கு ஆப்பிரிக்காவில் அடிமை போன்ற உழைப்பால் விளைந்த கோக்கோவைக் குடிப்பவர்க்கும் அக்கொடுமையில் பங்குண்டு என்று அவர் எழுதினார். 1942க்குப் பின் சிறையில் இருந்த காலத்தில், நிலைபேற்றுப் பொருளாதாரம் எனப் பொருள்படும் தலைப்பில் ஆங்கில நூல் ஒன்று எழுதினார். அது 1945இல் வெளிவந்தது. இயற்கை தருவதை மீண்டும் இயற்கைக்குத் திருப்பும் வாழ்க்கை நிலைக்கும், தோண்டி எடுத்துத் தீர்க்கும் வாழ்க்கை நிலைக்காது என்பது அதன் கரு. இறுதி ஆண்டுகளில் மதுரை மாவட்டத்துத் தே. கல்லுப்பட்டியில் வாழ்ந்து, 1960ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள் மறைந்தார். 1973இல் ஷூமாக்கர் என்னும் பொருளாதார அறிஞர் ‘சிறியதே அழகு’ என்னும் பொருளுடைய தம் புகழ்பெற்ற நூலில் குமரப்பாவை எடுத்துக்காட்டினார். நம் பிள்ளைகள் அந்த ஐரோப்பியர் பெயரைக் கல்லூரியில் கேள்விப்படுகின்றனர். தஞ்சாவூர்க்காரர் பெயரைக் கேள்விப்படுவதில்லை.

குமரப்பா வாங்கும் பக்கத்தைச் சொன்னார். எறியும் பக்கத்தை நம் காலம்தான் எழுத வேண்டியதாயிற்று. அதற்குக் காரணமான பையின் வரலாறும் சிறிது அறியத்தக்கது. இன்று நாம் காணும் கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் பையை ஆக்கியவர் ஸ்வீடன் நாட்டு ஸ்டென் குஸ்டாப் துலின். 1965ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அதற்குக் காப்புரிமை வழங்கப்பட்டது. காகிதப் பைக்காக மரங்கள் வெட்டப்படுவதைக் குறைக்கலாம், இதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம் என்பதே அவர் நோக்கம் என அவருடைய மகன் பின்னாளில் கூறியிருக்கிறார். உலகமோ அதை ஒருமுறை பிடித்து எறிந்தது. வங்காள தேசத்தில் வெள்ளக் காலத்தில் வடிகால்களை இப்பைகள் அடைத்துக்கொண்டதால், 2002ஆம் ஆண்டில் அந்நாடு முதன்முதலாக அவற்றைத் தடை செய்தது. ஏறத்தாழ அதே காலத்தில் நீலகிரி மாவட்டத்திலும் ஆட்சியர் சுப்ரியா சாகு அவர்கள் பிளாஸ்டிக்கை ஒழிக்கும் இயக்கத்தை நடத்தினார்.

நம் தமிழ்நாட்டின் மஞ்சள் பைக்கு வந்த கதியை எண்ணினால் சிரிப்பும் வருத்தமும் ஒருங்கே வரும். கல்யாணத்தில் தாம்பூலத்தோடு கொடுத்த பை அது. ஜவுளிக் கடை பெயரும் மணமக்கள் பெயரும் அச்சிட்டு வரும். பிளாஸ்டிக் பை வந்தபின் மஞ்சப்பைக்காரன் என்றால் நாட்டுப்புறத்தான் என்று பொருளாயிற்று. 2014இல் அப்பெயரில் ஒரு திரைப்படமே வந்தது. 2019ஆம் ஆண்டு ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்கள் பல தடை செய்யப்பட்டன. 2021 டிசம்பர் 23ஆம் நாள் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் அவர்கள் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கிவைத்தார். பின்னர்ச் சென்னைக் கோயம்பேட்டுச் சந்தையில் 10 ரூபாய் போட்டால் மஞ்சள் பை தரும் இயந்திரம் நிறுவினர். எள்ளி நகையாடிய பொருளை இயந்திரத்தில் காசு போட்டு வாங்கும் காலமும் வந்தது! கர்நாடகத்தில் இதற்கு முன்பே, 2016 மார்ச் 11 முதல், பையும் தட்டும் குவளையும் கரண்டியும் உட்படப் பிளாஸ்டிக்குக்குத் தடை உண்டு. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை வந்தது. தடை எவ்வாறு நடக்கிறது என்பதை அன்பர்கள் மார்க்கெட்டுக்குப் போய்வந்த தத்தம் பையைத் திறந்து பார்த்து அறியலாம்.

இனி, எறிந்தவை போன இடத்தைப் பார்ப்போம். பெங்களூரின் குப்பை நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான டன். அது நம் தெருமுனையைக் கடந்ததும் மறைந்துவிட்டதாக எண்ணினோம். நகரின் வடக்கே மாவள்ளிபுரம் என்னும் சிற்றூரில் அது மலையாகக் குவிந்தது. அங்குள்ளோர் கிணறு கெட்டது, நோய் பரவியது என்று முறையிட்டுப் போராடி, 2012இல் அக்கிடங்கு மூடப்பட்டது. உடனே நகரத் தெருக்களெல்லாம் குப்பை தேங்கி நாறியது. பூந்தோட்ட நகரம் எனப் பேர்பெற்ற ஊரைக் குப்பை நகரம் என்று செய்தித்தாள்கள் எழுதின. பின் கிழக்கே மண்டூருக்கு லாரிகள் சென்றன. 2014 ஜூனில் மண்டூர் மக்களும் சாலையில் அமர்ந்தனர். அவ்வாண்டு இறுதிக்குள் நிறுத்துவதாக அரசு வாக்களித்து, டிசம்பர் முதல் லாரிகள் நின்றன. கல்வெட்டுக் காலத்தில் ஓர் ஊருக்கு நிலமும் ஏரியும் கொடுத்துப் பெயர் நிறுத்தினர். நாம் மண்டூருக்குக் கொடுத்ததை எக்கல்லில் வெட்டுவது?

சாக்கடையின் கதையும் வேறன்று. நம் பள்ளத்தாக்கின் நீரெல்லாம் இறங்கும் இடம் பெல்லந்தூர் ஏரி. சுத்தம் செய்யாத கழிவுநீரும் சலவைத் தூளின் ரசாயனமும் சேர்ந்து அவ்வேரியில் வெண்ணுரை பொங்கியது. 2015இலும் 2017இலும் 2018இலும் ஏரியே தீப்பற்றியது. நீர் எரியுமா என்று பாட்டியார் கேட்டால் விடை சொல்ல நமக்கு வாய் இல்லை.

மாற்றம் எங்கிருந்து வந்தது என்பதே இவ்வரலாற்றில் சுவையான பகுதி. 2012 அக்டோபர் 1 முதல் வீட்டிலேயே குப்பையைப் பிரிக்கவேண்டும் என்று மாநகராட்சி விதித்தது. வழக்கு உயர்நீதிமன்றத்தில் நடந்தது. வார்டுதோறும் உலர் குப்பை நிலையங்கள் அமைக்கும் பணி தொடங்கியது. 2015 டிசம்பர் 17ஆம் நாள் நீதிமன்றம் இரண்டு தொட்டி, ஒரு பை என்னும் முறையை ஆணையிட்டது. ஈரக் குப்பைக்குப் பச்சைத் தொட்டி, கழிவுக்குச் சிவப்புத் தொட்டி, உலர்ந்ததற்குப் பை. இதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 2011இல், குப்பை பொறுக்கி வாழ்வோர்க்கு மாநகராட்சி அடையாள அட்டை வழங்கியது. பின் அவர்கள் ‘ஹசிரு தள’ என்னும் அமைப்பின்கீழ்ச் சேர்ந்தனர். உலர் குப்பை நிலையங்கள் சிலவற்றை அவர்களே நடத்துகின்றனர். அவர்களுள் தமிழ் பேசுவோரும் பலர் என்பதை நம் சங்கத்தார் நினைவிற்கொள்ள வேண்டும். நம்மைப்போல் அவர்களும் அதே ரயிலில் வந்தவர்களே. நமக்குச் சங்கம் உண்டு, மலர் உண்டு. அவர்களுக்கு நெடுங்காலம் போலீஸ்காரரின் தடி ஒன்றே இருந்தது.

சென்ற ஆண்டு விருந்துக்குப் பின் பந்தல் பின்புறம் குப்பையைப் பிரித்துக்கொண்டிருந்த ஓர் அம்மையாரிடம் நாம் சிறிது நேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

“இதுல எது உங்களுக்கு ஆகும் அக்கா?” என்றோம்.

“பாட்டிலு தனியா இருந்தா காசு சார். எலையும் சோறும் தனியா இருந்தா மாட்டுக்காரரு எடுத்துப்பாரு. ரெண்டையும் கொழம்புல முக்கிப் போட்டா யாருக்கும் ஆவாது.”

“இந்தக் காகிதத் தட்டு?”

“அது உள்ளார ஜிகினா ஒட்டியிருக்கில்ல சார். பேப்பரும் இல்ல, பிளாஸ்டிக்கும் இல்ல. எடை போடமாட்டாங்க.”

நூல் பல படித்தும் விளங்காத ஒன்று நமக்கு அங்கே விளங்கியது. காகிதக் குவளை என நாம் நம்பி வாங்குவதன் உட்புறம் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு உண்டு. இல்லையேல் காபி ஒழுகிவிடும். ரயில்வேயில் 2004ஆம் ஆண்டில் அமைச்சர் லாலு பிரசாத் யாதவ் மண் குவளையில் தேநீர் தரும்படி ஆணையிட்டார். நல்ல எண்ணம்தான். ஆனால் நாடெங்கும் ஓடும் வண்டிகளுக்கு நாள்தோறும் குவளை சுட்டு அனுப்பும் ஏற்பாடு உடன் வளரவில்லை. பல நிலையங்களில் காகிதக் குவளையே மீண்டும் வந்தது. 2019 அக்டோபர் 2 முதல் மெல்லிய பிளாஸ்டிக்குக்கு ரயில்வேயும் தடை விதித்தது.

விருந்துக்கு வருவோர் 400 பேர் எனக் கொள்வோம். தட்டு ஒன்று, கிண்ணம் இரண்டு, கரண்டி ஒன்று, தண்ணீர் பாட்டில் ஒன்று, காபிக் குவளை ஒன்று. ஆளுக்கு 6 உருப்படி. ஒரு நண்பகலில் 2,400 உருப்படிகள். ஒவ்வொன்றும் கையில் இருந்த நேரம் கால் மணிக்கு மேல் இராது.

எவர்சில்வர் தட்டே போதுமே எனச் செயற்குழுவில் ஒருவர் கூறினார். தட்டு வங்கி என்று பொதுத் தட்டுகளைக் கொடுத்து வாங்கும் முறையை இந்நகரில் அதம்ய சேதனா அமைப்பினர் நடத்திக் காட்டியுள்ளனர். ஆனால் தட்டைக் கழுவ நீர் வேண்டும். 2024 கோடையில் இந்நகரம் குடிநீருக்குத் தவித்ததை எவரும் மறந்திருக்கமாட்டார்கள். குடிநீரில் வண்டி கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அப்போது அறிவித்தனர். பாத்திரம் கழுவ நீரில்லை என்று ஓட்டல்கள் சில அந்நாளில் எறியும் தட்டுக்கு மாறின. நீரை மிச்சப்படுத்தக் குப்பையைப் பெருக்கினர். ஏரி போனதும் இலை போனதும் ஒரே கதையின் இரண்டு பக்கம் என்பது அப்போதுதான் வெளிப்பட்டது. வாழையிலைக்குக் கழுவும் நீர் ஒரு கை தெளிப்பு; உண்டபின் அது மாட்டுக்கு உணவு, மீந்தால் எரு. பாக்கு மட்டைத் தட்டும் அவ்வாறே மண்ணாகும். அதன் மூலப்பொருள் இக்கர்நாடகத்தின் பாக்குத் தோட்டங்களில் தானே உதிர்வது. இலை விலை முகூர்த்த நாள்களில் ஏறுகிறதே என்றால், உண்மைதான். குப்பையை அகற்றக் கொடுக்கும் கூலியையும் அதே பேரேட்டில் எழுதிப் பார்த்தபோது, வேறுபாடு நாம் அஞ்சிய அளவு இல்லை.

பல கூட்டங்களில் விவாதித்தபின் இவ்வாண்டு விழாவுக்குச் செய்துள்ள ஏற்பாடு இதுதான். சாப்பாடு வாழையிலையில். பரிசுப் பொருள்கள் துணிப்பையில். பையில் சங்கத்தின் பெயர் மட்டும் இருக்கும், ஆண்டு இராது, மிஞ்சியது அடுத்த விழாவுக்கு ஆகும். பாட்டில் தண்ணீர் இல்லை. நான்கு மூலையிலும் குழாய் வைத்த எவர்சில்வர் டிரம். இலையும் சோறும் ஒரு கூடையில், மற்றவை வேறு கூடையில். கூடையருகே இளைஞர் இருவர் நிற்பர். பால்காரர் இரவு 9 மணிக்கு வண்டி கொண்டுவர இசைந்திருக்கிறார். உலர்ந்தவற்றைப் பிரிக்க வரும் அம்மையார் இருவர்க்கும் கூலி முன்னரே பேசப்பட்டது. அவர்களுக்கு முதற்பந்தியில் இலை போடப்படும்.

டம்ளர் மட்டும் குறைகிறது. சங்கத்தின் பழைய பதிவேட்டில் உள்ளவற்றில் பாதிக்கு மேல் இன்று கைக்கு வரவில்லை. ஆதலின் ஒவ்வொரு குடும்பத்தாரும் தலைக்கு ஒரு டம்ளர் கொண்டுவருமாறு வேண்டுகிறோம். பெயர் வெட்டியதாக இருத்தல் நலம். மாறிப்போனவற்றை மறுநாள் மாலை 6 மணிக்குமேல் சங்க அறையில் பெற்றுக்கொள்ளலாம்.